பதினொன்றாம் கேள்வி

காலை நாலு ஐம்பதுக்கு ஜெபர்சனின் செல்போன் அலாரம் அடித்தது.

இதில் திடுக்கிட ஒன்றுமில்லை. ஜெபர்சன் செத்து இரண்டு வருடம் ஆகிறது; அலாரம் தினமும்தான் அடிக்கிறது. முதல் ஷிப்டுக்கு எழுந்திருக்க அவன் வைத்தது. மலையிலிருந்து அவனை இறக்கியபோது சட்டைப் பையில் போன் மட்டும் கீறல்கூட இல்லாமல் இருந்தது. அன்றிலிருந்து அது பீரோவில், அவன் அம்மா கிளாராவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது.

அதற்கு யாரும் சார்ஜ் போடுவதில்லை. அந்த வீட்டில் இருப்பது மூன்று பேர். நான் போடவில்லை என்று மூன்று பேரும் தனித்தனியாகச் சொல்வார்கள். போன் கம்பெனிக்காரன் கேள்விப்பட்டால் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வான்.

அவனுடைய அக்கா ஜோவிதா எழுந்து போய் அலாரத்தை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை. விண்ணப்பப் பாரம் கொடுக்கக் கடைசி நாள். சாயங்காலம் நாலு மணிக்குள் ஸ்ரீபெரும்புதூரில் சேர்க்க வேண்டும்.

போன வாரம் அவள் அந்தப் பாரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து நடந்தவை மொத்தம் இரண்டுதான். அப்பா லூர்துராஜ் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அம்மா அதைத் தொடாமலே ஒரு வாரம் பேசாமல் இருந்தாள்.

மலை மீட்புத் தன்னார்வலர் பயிற்சிக்கான விண்ணப்பம் அது. மலையில் வழி தவறியவர்களை, விழுந்தவர்களைத் தேடிப் போய் இறக்கிக்கொண்டு வருகிற வேலை. சம்பளம் கிடையாது. கயிறு அவர்களே தருவார்கள்.

அவர்கள் குடியிருக்கும் ஒரகடத்தில் மலை எது என்று கேட்டால் கன்டெய்னர் அடுக்கிவைத்த யார்டைத்தான் கையைக் காட்டுவார்கள். ஆனால் ஆறு நாள் தட்டையான தரையில் நின்று வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஏழாம் நாள் உயரம் கேட்கிறது. ஞாயிறு லீவு விட்டால் வேன் பிடித்து ஏதாவது ஒரு மலைக்குப் போய்விடுகிறார்கள். எல்லாரும் இறங்கி வருவதில்லை.

அடுப்படியில் கிளாரா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, ஒரு வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"பீரோ மேல இருந்த பேப்பரை எடுத்துக்கினியா?"

"எடுத்துக்கினேன்மா."

"நல்லது. செம்பரம்பாக்கம் ஏரில போட்டுடு. மெட்ராஸ்காரன் குடிச்சிக்கட்டும்."

"அம்மா, ரெண்டு பேரும் படிச்சிட்டு கையெழுத்துப் போடணும்னு எழுதி கீது. அப்பா போட்டாச்சு."

"உங்கப்பன் போடுவாரு. இன்ஷூரன்ஸ்காரன் வந்தாலும் போடுவாரு, கேஸ்காரன் வந்தாலும் போடுவாரு." கிளாரா திரும்பவில்லை. "மலைக்கு ஒரு புள்ள குடுத்தாச்சு. போதும்."

காக்கிச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்த லூர்துராஜ் சொன்னார்: "நான் டிரைவர்மா. போர்டு பார்ப்பேன். உள்ள யார் ஏறுறாங்கன்னு கேக்க மாட்டேன்."

"போர்டுல இன்னா இருந்துச்சு?"

"மலைன்னு இருந்துச்சு."



லூர்துராஜ் கான்ட்ராக்ட் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். ஒரகடத்தில் ஏற்றி, சுங்குவார்சத்திரத்துப் பக்கம் இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் பிளான்டில் இறக்க வேண்டும். வண்டி எடுக்கும் முன் கண்ணாடியில் தலை எண்ணித் தாளில் எழுதுவது விதி. அன்று நாற்பத்தொரு பேர் ஏறினார்கள். கண்ணாடியில் நாற்பத்திரண்டு இருந்தது.

இதுவும் இரண்டு வருடமாக நடப்பதுதான். அவர் நாற்பத்தொன்று என்றே எழுதினார். கூடுதலாக வருகிறவர் இறங்கும்போது படியில் இடிப்பதில்லை, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவதில்லை. அந்த மாதிரி ஆளைப் பற்றிக் கம்பெனிக்குப் புகார் எழுதுவது நியாயமில்லை என்று அவர் நினைத்தார்.

ஜோவிதா மூன்றாவது சீட்டில் உட்கார்ந்து பாரத்தை விரித்தாள். பத்துக் கேள்விக்குப் பதில் எழுதியாகிவிட்டது. உயரம், எடை, ரத்த வகை, நீச்சல் தெரியுமா, இருட்டில் பயமா. பதினொன்றாம் கேள்விக்கு எதிரே மட்டும் காலி.

'மலையில் நீங்கள் செய்த தவறு ஒன்றை எழுதுங்கள். அன்று உங்களோடு இருந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். வீட்டார் அதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் பயிற்சியிலிருந்து நீக்கப்படுவீர்கள்.'

கேள்வியை யோசித்தவர் கெட்டிக்காரர். தவறு செய்யாதவன் மலைக்கே போயிருக்க மாட்டான். மறைக்கிறவனை நம்பிக் கயிற்றைக் கொடுக்க முடியாது.

ஒன்பதரை மணி டிபன் நேரத்தில், கேன்டீன் மேசையின் ஓரத்தில், தட்டை நகர்த்தி வைத்துவிட்டு ஜோவிதா எழுதினாள். நாலு வரிதான். எழுதி முடிக்கும்போது பொங்கல் கல்லாகியிருந்தது.

அந்த நாலு வரிக்குப் பின்னால் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மூக்கறுத்தான் மலை என்று ஒன்று இருக்கிறது. ஒரகடத்திலிருந்து வேனில் மூன்று மணி நேரம். யார் மூக்கை யார் அறுத்தார்கள் என்பதில் அடிவாரத்து இரண்டு ஊருக்கும் நாற்பது வருடமாக வழக்கு நடக்கிறது. மூக்கு மட்டும் ஒரு வாய்தாவுக்கும் ஆஜராகவில்லை. அடிவாரத்தில் ஊர்க் கமிட்டியின் சாவடி. அதில் காவலுக்கு ஐயனார் என்று ஒரு பெரியவர். மேலே போகிறவர்களுக்குக் கையில் ஒரு தகர வில்லை கொடுப்பார், நம்பர் அடித்தது. இறங்கியதும் வில்லையைப் பெட்டியில் போட்டு, நோட்டில் நம்பரையும் 'வெளியே' என்றும் எழுதிவிட்டுப் போக வேண்டும். ஆறு மணிக்கு ஒரு வில்லை குறைந்தாலும் ஐயனார் மணியடிப்பார். நாலு பேர் டார்ச்சோடு ஏறுவார்கள். இதுதான் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜெபர்சனும் ஜோவிதாவும் சேர்த்து ஏழு பேர் அதில் ஏறினார்கள். ஜெபர்சனுக்கு ஏழாம் நம்பர் வில்லை. இறங்கும்போது பாதி வழியில் அவனுக்கு ஞாபகம் வந்தது, போனை மேலே ஊற்றோரம் பாறையில் வைத்துவிட்டோம் என்று. அவனுக்கு அன்று இரவு ஷிப்ட். சொந்த பைக்கில் வந்திருந்தான், மற்றவர்கள் வேனில்.

"நீங்க போய்க்கினே இருங்க. நான் எடுத்துகினு அப்படியே பைக்குல ஷிப்டுக்குப் போயிடறேன்" என்று சொல்லி, வில்லையை அக்கா கையில் கொடுத்தான். "எனக்கும் சேர்த்து கார்டு போட்டுடு."

கார்டு போடுவது இந்த வட்டாரத்துப் பழக்கம். கம்பெனி வாசலில் நின்றால் முகத்தைப் பார்த்து ஆஜர் கணக்கெடுக்கும் மிஷின் வருவதற்கு முன், நேரமாகிவிட்ட சிநேகிதனுக்காக அவன் அட்டையையும் சேர்த்துத் தேய்த்துவிடுவார்கள். ஆள் உள்ளே இல்லாமலே உள்ளே இருப்பான், போகாமலே போயிருப்பான். இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. ஒரு விதத்தில் அதற்குப் பெயர் அன்பு.

வளைவில் நின்று ஜோவிதா மேலே பார்த்து, "சீக்கிரம் வாடா" என்று கத்தினாள். பதில் வரவில்லை. அவள் காத்திருக்கவும் இல்லை. கீழே வந்து இரண்டு வில்லையையும் பெட்டியில் போட்டாள். நோட்டில் இரண்டு வரி எழுதினாள்.

ஆறு மணிக்கு ஐயனார் எண்ணினார். நோட்டில் ஏழு பேர், பெட்டியில் ஏழு வில்லை. மரத்தடியில் ஒரு பைக் நின்றது. கமிட்டி விதியில் பைக்கை எண்ணச் சொல்லவில்லை. அவர் கதவைப் பூட்டிக்கொண்டு போனார்.

ஊற்றுக்குப் பக்கத்தில் பாறை இடுக்கில் விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து, ஜெபர்சன் அன்று இரவு முழுவதும் உயிரோடு இருந்தான். போன் சட்டைப் பையில்தான் இருந்தது; அந்த மலையில் சிக்னல் கிடையாது. மறுநாள் திங்கட்கிழமை மதியம் வரை இருந்தான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவன் ஷிப்டுக்கே வரவில்லை என்று திங்கள் காலையில்தான் வீட்டுக்குத் தெரிந்தது. ரோட்டிலும் ஆஸ்பத்திரிகளிலும் தேடிவிட்டுச் சாயங்காலம் அடிவாரம் போய்ச் சேர்ந்தார்கள். செவ்வாய் விடியும்போது லூர்துராஜும் தேடப்போன ஆட்களும் ஒரு குரல் கேட்டார்கள்.

"அக்கா."

ஒரே தடவை. தெளிவாக. அந்தக் குரல் வந்த திசையில் போய்த்தான் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே ஜெபர்சன் விறைத்துப்போய் முக்கால் நாள் ஆகியிருந்தது.

செத்தவன் மறுநாள் எப்படிக் கூப்பிடுவான் என்று லூர்துராஜ் கேட்டார். ஐயனார்தான் பதில் சொன்னார். மூக்கறுத்தான் மலையில் எதிரொலிக்குச் சோம்பல் அதிகம். காலையில் கூப்பிட்டால் மத்தியானம் வரும், சில சமயம் மறுநாள் வரும். ஒருத்தன் பங்குனியில் தன் ஆட்டைக் கூப்பிட்டான். ஆடு குழம்பாகிப் பதினைந்து நாள் கழித்து அந்தக் குரல் ஆட்டைத் தேடிக்கொண்டு வந்தது. ஊரே கேட்டது. குழம்பு தின்றவர்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கியது.

குடும்பம் இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியது. வேறு பதில் யாரிடமும் இல்லை.

இன்னொன்றும் அன்று நடந்தது. சாவடியில் ஐயனார் நோட்டைத் திறந்துவைத்து, "ஏழாம் நம்பரை யார் போட்டது?" என்று கேட்டபோது, ஜோவிதா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். பக்கத்தில் நின்ற நெல்லையப்பன், ஜெபர்சனின் சிநேகிதன், அன்று கூட மலை ஏறியவன், "நான்தான்" என்று ஒரு அடி முன்னால் வந்தான். கிளாரா அவனைக் கன்னத்தில் அறைந்தாள். அறைந்தது சாவடிக்கு வெளியே நின்ற வேன் டிரைவருக்கும் கேட்டது.

எதிரொலி வந்ததா என்று தெரியவில்லை.

*

ரெண்டு மணிக்கு ஷிப்ட் விட்டது. ரெண்டே முக்காலுக்கு ஜோவிதா சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் நெல்லையப்பனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

நெல்லையப்பனுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம். ஜெபர்சன் வேலை பார்த்த அதே பிளான்டில் அவனோடு ஒரே லைனில் நின்றவன். டீக்கடைக்கு மேல் லாட்ஜில் ரூம். ஒரே கட்டிலில் மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் மாறி மாறிப் படுப்பார்கள். பதினோரு வருடமாக அந்தக் கட்டில் சூடு ஆறியதே இல்லை. போன பொங்கலுக்கு மூன்று பேரும் ஒரே சமயத்தில் ஊருக்குப் போனார்கள். முதல் தடவையாகச் சூடு ஆறியது. அன்று சாயங்காலமே அது நாலு காலையும் பரப்பிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டது.

அவன் பாரத்தை வாங்கி, உதடு அசையப் படித்தான். பதினொன்றில் வந்து நின்றான்.

'ஏழாம் வில்லையைப் பெட்டியில் போட்டது நான். தம்பி மேலே இருக்கும்போதே அவன் வெளியே போய்விட்டதாக நோட்டில் எழுதினேன். அதனால் அன்று இரவு யாரும் தேடவில்லை. என் பெயருக்கு வர வேண்டிய பழியை இரண்டு வருடம் நெல்லையப்பன் சுமந்தார்.'

"இத எதுக்கு இப்பம் எழுதுதீய?" என்றான். "ரெண்டு வருசமா நல்லா ஓடிக்கிட்டு இருந்த பொய்யில்லா?"

"ஓடலை. நின்னுகினே இருந்துச்சு."

"உங்க அம்மை படிப்பாவளே."

"படிக்கணும்னுதான் எழுதி கீறேன்."

நெல்லையப்பன் டீயை ஊதினான். "எனக்குப் பழகிட்டு. போன கிறிஸ்மஸுக்கு மார்க்கெட்டுல வச்சு என்னயப் பாத்துட்டு, காய்கறிக்காரிகிட்ட, கொலைகாரப் பயலுக்கு வெங்காயம் குடுக்காதேன்னு சொல்லிட்டுப் போனாவ. அவளும் குடுக்கல. இன்னிக்கு வரைக்கும் அந்தக் கடையில எனக்கு வெங்காயம் கிடையாது. தக்காளி தருவா."

ஜோவிதாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறெதுவோ ஆகி, அவள் முகத்தைத் திருப்பி ஹைவேயில் போகிற லாரியைப் பார்த்தாள்.

"ஏன் நெல்லை அன்னிக்கு நீ முன்னால வந்தே?"

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"நான் எத்தன பேருக்குக் கார்டு போட்டிருக்கேன் தெரியுமா? ஜெபர்சனுக்கே மாசத்துக்கு ரெண்டு தடவ போடுவேன். அன்னைக்கு உங்க மூஞ்சியப் பாத்தேன். நீங்க அங்ஙன இல்ல. ஆள் இல்லாத இடத்துல ஒரு கார்டு போட்டேன். அம்புட்டுதான்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். "இந்த இடத்துலயா?"

"அங்கதான்."

சாட்சி என்ற இடத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். பிறகு, "நானும் வாரேன். உங்க அம்மையோட ஆஸ்டலுக்குள்ள வர மாட்டேன். கேட்டுக்கு வெளிய நிக்கேன்" என்றான். "அடிக்கணும்னு தோணுனா அவ்வளவு தூரம் தேட வேண்டாம் பாருங்க."

*

கிளாரா டீக்கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள பெண்கள் ஹாஸ்டலில் வார்டன். மூன்று மாடி, அறுபத்திரண்டு பெண்கள். யார் எந்த ஷிப்டுக்குப் போனார்கள், யார் திரும்பினார்கள் என்று பெரிய நோட்டில் குறிப்பாள். ஆளை நேரில் பார்க்காமல் ஒரு டிக் போட மாட்டாள். ரூம்மேட் வந்து, "அவ மேல போயிட்டா வார்டன்மா" என்றால், "கீழே வந்து மூஞ்சியைக் காட்டிட்டு மேல போகச் சொல்லு" என்பாள். இரண்டு வருடமாகத்தான் இந்தக் கெடுபிடி.

மூன்று மணி தாண்டியிருந்தது. முதல் ஷிப்ட் பெண்கள் குளிக்கிற சத்தம் மாடியில் கேட்டது. ஜோவிதா பாரத்தை நோட்டின் மேல் வைத்தாள்.

"இங்கயும் வந்துட்டியா?"

"படிச்சிட்டு வேணாம்னு சொல்லும்மா. படிக்காம சொல்லாதே."

கிளாரா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். உயரம், எடை, ரத்த வகை எல்லாம் ஏதோ சம்பந்தம் பேச வந்த ஜாதகம் மாதிரி நிதானமாகப் பார்த்தாள். பதினொன்றுக்கு வந்தாள்.

ஜோவிதா தன் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாடியில் பக்கெட் ஒன்று விழுந்து உருண்டது.

"தெரியும்" என்றாள் கிளாரா.

"இன்னாம்மா தெரியும்?"

கிளாரா ஹாஸ்டல் நோட்டைப் புரட்டினாள். மாதக் கடைசியில் அம்மாவுக்குக் கண் வலிக்கிறது என்று ஜோவிதாதான் ரூம் நம்பர்களை எழுதித் தருவாள். கிளாரா ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். ஏழு, பதினேழு, இருபத்தேழு. ஒவ்வொரு ஏழுக்கும் இடுப்பில் ஒரு சின்னக் கோடு. ஒன்றும் ஏழும் குழம்பிப் போகக் கூடாது என்று பிளான்டில் ஜோவிதாவின் லைனில் இன்ஸ்பெக்ஷன் பெண்களுக்கு முதல் நாளே பழக்கிவிடுகிற கோடு.

"சாவடியில ஐயனார் நோட்டைத் தொறந்தப்போ முதல்ல குனிஞ்சு பார்த்தது நான். ஏழாம் நம்பர் வெளியேன்னு இருந்துச்சு. ஏழுக்கு நடுவுல கோடு இருந்துச்சு."

ஜோவிதா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அப்போ நெல்லையை ஏம்மா..."

"அவன் நான்தான்னு வந்து நின்னான். கன்னம் கிட்டத்துல இருந்துச்சு." கிளாரா கண்ணாடியைக் கழற்றினாள். "உன்னை அடிச்சிருந்தா, அதுக்கப்புறம் யாரைக் கூட்டினு வூட்டுக்குப் போறது?"

கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவள் மேலே சொன்னாள்.

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். ஒரு வாரம், ஒரு மாசம். அப்புறம் நீ சொல்லிடுவியோன்னு பயமா பூட்ச்சு. அதான் பாக்கற எடத்துலல்லாம் அவனைத் திட்டிகினே இருந்தேன். சத்தம் போட்டுகினே இருந்தா நீ வாயைத் தொறக்க மாட்டே."

"அம்மா, போனுக்கு நீதான் சார்ஜ் போடறியா?"

"செவ்வாக்கிழமையில."

"நான் சனிக்கிழமை போடறேன்."

"அது மட்டும் பத்தாதே" என்று யோசித்தாள் கிளாரா. "உங்கப்பனும் போடறாரு."

பாரத்தைத் தன் பக்கம் இழுத்து, தாய் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே, 'குறிப்பு' என்று இரண்டு விரல் அகலத்துக்குக் காலி இடம் இருந்தது.

"பதினொன்னாம் கேள்வி உனக்கு மட்டும்தான் கேட்டு கீறானா?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் எழுத ஆரம்பித்தாள். அவள் கையெழுத்து பெரியது. வரி கட்டத்தை விட்டு வெளியே போனது.

'அது என் மகள் எழுதிய ஏழு என்று தெரிந்தே வேறு வீட்டுப் பிள்ளையை அடித்தேன். அதுவும் அந்த மலையில்தான் நடந்தது. கிளாரா.'

கேட்டுக்கு வெளியே நெல்லையப்பன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். கிளாரா வருவதைப் பார்த்ததும் கையில் இருந்த பையைக் கீழே வைத்தான். அடி வாங்குகிறவன் கையில் எதையும் வைத்திருக்கக் கூடாது என்று எங்கோ கற்றிருக்கிறான்.

கிளாரா கிட்டே வந்து அவன் முகத்தை இடமும் வலமும் பார்த்தாள்.

"எந்தக் கன்னம்?"

"இடது."

"தழும்பு கிழும்பு ஒண்ணும் இல்லியே."

"ரெண்டு வருசம் ஆச்சுல்லா, அத்தை."

"யாருக்கு யாரு அத்தை?" என்றாள் கிளாரா. ஆனால் கையைத் தூக்கவில்லை. பாரத்தை அவனிடம் கொடுத்து, குறிப்பு எழுதிய இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டு, அவன் படித்து முடிக்கும் வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் படித்துவிட்டு, "வெங்காயக் கடையிலயும் ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றான்.

*

மூன்றரைக்கு லூர்துராஜ் காலி பஸ்ஸை ஷெட்டில் விட ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் ஹாஸ்டல் வாசலில் நிறுத்தினார். மூன்று பேர் ஏறினார்கள். மனைவியையும் நெல்லையப்பனையும் ஒரே படிக்கட்டில் பார்த்ததும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கிளாரா பாரத்தை ஸ்டியரிங் மேல் வைத்தாள்.

"உள்ள இருக்கிறதையும் படி."

அவர் படித்தார். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை படித்து, பக்கத்தைத் திருப்பிப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, மறுபடியும் படித்தார். பிறகு பாரத்தை மடிக்காமல் மகளிடம் நீட்டினார். அவள் அதை வாங்கும்போது அவள் மணிக்கட்டை ஒரு நிமிஷம் பிடித்திருந்தார்.

பழக்கம். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.

"நாலு" என்றார்.

"உன்னையும் சேர்த்தா?" என்று கேட்டாள் கிளாரா.

"டிரைவரை எண்ணுற வழக்கம் இல்லை."

வண்டியை எடுத்தார். கிளாரா தன் பக்கத்து சீட்டில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில் மீட்புக் குழுவின் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு பீரோ, சுவரெல்லாம் கயிறு. பயிற்சியாளர் சசிரேகாவுக்கு நாற்பது வயது இருக்கும். பத்துக் கேள்வியை விட்டுவிட்டு நேராகப் பதினொன்றைப் படித்தார். குறிப்பையும் படித்தார். எதிரே நின்ற நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இந்தக் கேள்விக்கு எல்லாரும், தண்ணி பத்தாமப் போயிட்டேன், ஷூ சரியில்லைன்னு எழுதுவாங்க" என்றார். "உட்காருங்க."

நாற்காலி இரண்டுதான் இருந்தது. யாரும் உட்காரவில்லை.

"ஜோவிதா, ஒண்ணு சொல்லணும். கடைசித் தேர்வு நாங்க மூக்கறுத்தான் மலையிலதான் வைக்கறோம். உங்களுக்காக மாத்த மாட்டேன். ஒவ்வொருத்தரையும் ஒரு இடத்துல தனியா உட்கார வைப்போம். அவங்க கூப்பிடணும். மத்தவங்க குரலை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்கணும். அதுல ஊற்றுப் பக்கமும் ஒரு இடம் இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க. வேண்டாம்னா இப்பவே பாரத்தை எடுத்துக்கிட்டுப் போகலாம், தப்பா நினைக்க மாட்டேன்."

ஜோவிதா யோசித்தாள். அவளுக்கு முன்னால் கிளாரா பேசினாள்.

"அங்க எதிரொலி லேட்டா வருமேம்மா. நீங்க தேடறப்போ குழம்பிடாதா?"

"எதிரொலியா?" என்றார் சசிரேகா. "அந்த மலையிலயா?"

"ஐயனார் சொன்னாரு. மறுநாள் கூட வரும்னு. ஒரு ஆட்டைக் கூப்ட்டு..."

சசிரேகா பேனாவைக் கீழே வைத்தார். கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார்.

"ஐயனார் நல்ல மனுஷர்மா. உங்க மனசு ஆறட்டும்னு சொல்லியிருப்பார். அது பூராவும் புதர் மலை. குரலைக் குடிச்சிடும். எதிரொலி லேட்டா இல்ல, வரவே வராது. அதனாலதான் தேர்வே அங்க வைக்கறோம். அங்க ஒரு குரல் கேட்டுதுன்னா, கேட்ட இடத்துல ஆள் இருக்கும்."

கீழே டயர் கடையில் காற்றுப் பிடிக்கிற சத்தம் ஏறி, நின்றது.

லூர்துராஜ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை விடியலில் அந்தக் குரலைக் கேட்டவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான்.

"நான் கேட்டேன்" என்றார், யாரையும் பார்க்காமல். "அக்கான்னு கேட்டேன்."

சுவரில் மணி மூன்று ஐம்பத்தெட்டு. ஜோவிதா மேசையிலிருந்து பேனாவை எடுத்தாள். விண்ணப்பதாரர் கையெழுத்து என்ற இடத்தில் பெயரை எழுதி, பாரத்தை சசிரேகாவின் பக்கம் நகர்த்தினாள்.

"ஊத்துப் பக்கத்து இடத்தை எனக்கே குடுங்க மேடம்" என்றாள்.